ஊசிக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையில்: வண்ணாத்திவில்லுக் கரையில் கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனை

புத்தளம் நகரிலிருந்து பழைய மன்னார் வீதியில் வடக்கே போனால் வண்ணாத்திவில்லு. மேற்கே களப்பு, கிழக்கே கஜுத் தோட்டமும் புதர்க்காடும், வடக்கே வில்பத்து. பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுதான். ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. கரைத்தீவு, சேராக்குளி, எலுவன்குளம், கலா ஓயா களப்பில் விழும் இடத்திலுள்ள கங்கேவாடி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். அருவக்காட்டுக்குக் கொழும்பின் குப்பையைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தப் பக்கத்தின் பெயர் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தது. இங்கே பிள்ளை பெறும் பெண்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

அந்தப் பெண்களுக்குச் செய்யவேண்டிய ஒரு பரிசோதனையைப் பற்றியது இந்தக் கட்டுரை. கர்ப்பகால நீரிழிவு, ஊர்ப்பேச்சில் பிள்ளைத்தாச்சிக்கு வரும் 'சீனி', இருக்கிறதா என்று பார்ப்பது. இரவு சாப்பாட்டுக்குப் பின் எட்டு மணித்தியாலமாவது வயிறு வெறுமையாக இருக்கவேண்டும். காலையில் ஒரு தடவை இரத்தம் எடுப்பார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணித்தியாலம் கழித்து இன்னொரு தடவை இரத்தம். எழுதிப் பார்த்தால் நான்கு வரி. கங்கேவாடியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆறு மாதக் கர்ப்பிணிக்கு அது ஒரு முழு நாள்.

உலகம் இந்தப் பரிசோதனையைப் பற்றி அறுபது ஆண்டுகளாகச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. சண்டை பெரும்பாலும் எண்ணைப் பற்றியது: எந்த அளவுக்கு மேல் போனால் நோய்? என் கணிப்பில், வண்ணாத்திவில்லு போன்ற ஒரு கரைக்கு அந்த எண் இரண்டாவது கேள்வி. எடுத்த இரத்தம் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும்வரை உண்மையாக இருக்கிறதா, பிரசவத்துக்குப் பிறகு அந்தத் தாயை யாராவது திரும்பக் கூப்பிடுகிறார்களா என்பவைதான் முதல் கேள்விகள்.

நோயின் இயக்கம் விளங்கினால் மற்றவை விளங்கும். கருப்பம் ஏற ஏற நச்சுக்கொடியிலிருந்து சுரக்கும் ஹோர்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தப்படுத்துகின்றன. பிள்ளைக்குக் குளுக்கோஸ் தட்டில்லாமல் போகவேண்டும் என்பதற்கான இயற்கையின் ஏற்பாடு அது. தாயின் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரந்தால் பிரச்சினை இல்லை. ஈடுகொடுக்க முடியாதபோது இரத்தத்தில் சீனி ஏறுகிறது. குளுக்கோஸ் கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே பிள்ளையின் கணையம் தானே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது, பிள்ளை கொழுக்கிறது. பிறக்கும்போது தோள் சிக்கும். கொடி அறுந்தவுடன் சீனி வரத்து நின்று, சுரந்த இன்சுலின் மட்டும் மிஞ்ச, சிசுவின் இரத்தத்தில் சீனி மளமளவென்று இறங்கும். கோபன்ஹேகனைச் சேர்ந்த யோர்கன் பீடர்சன் 1950களில் சொன்ன விளக்கம் இது. இன்றும் அடிப்படை இதுதான். இன்சுலின் மந்தம் இருபது வாரத்துக்குப் பின் கூடுவதால்தான் 24 முதல் 28 வாரம் வரையான காலம் பரிசோதனைக்கு உரியதாகக் குறிக்கப்பட்டது.

பழைய முறை சிறுநீர்தான். கண்ணாடிக் குழாயில் நீல நிறப் பெனடிக்ட் கரைசலை ஐந்து மில்லிலீற்றர் ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடிப்பார்கள். நீலமாகவே இருந்தால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல் நிறம் என்று ஏற ஏறச் சீனி கூட. இலங்கையின் குடும்பநல மாதுகள் இந்தக் குழாயோடுதான் நெடுங்காலம் வேலை பார்த்தார்கள். மலிவு, மின்சாரம் வேண்டாம், அங்கேயே விடை. குறை என்னவென்றால், கர்ப்பத்தில் சிறுநீரகம் சீனியைக் கசியவிடும் எல்லை தாழ்ந்துவிடும். நோயே இல்லாத பெண்ணின் சிறுநீரிலும் சீனி தெரியும். நோயுள்ள பலருக்குத் தெரியாமலும் போகும். நிறம் மாறியதைக் கண்டு பயந்தவர்களைவிட, மாறவில்லை என்று நிம்மதியாக வீடு போனவர்களுக்குத்தான் அது அதிகம் கெடுதி செய்திருக்கும்.

இரத்தப் பரிசோதனைக்கு முதல் ஒழுங்கான அளவுகோல் 1964இல் பொஸ்டனிலிருந்து வந்தது. ஓ'சல்லிவன் என்ற மருத்துவரும் கிளேர் மகன் என்ற புள்ளிவிவரவியலாளரும் 752 கர்ப்பிணிகளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்து மூன்று மணித்தியாலம் அளந்தார்கள். அவர்கள் வகுத்த எல்லை, அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வருமா என்பதைக் கணிப்பதற்கானது. பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இருந்தும் உலகம் அதைப் பிள்ளைக்கான எல்லையாகவும் எடுத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டியது.

2008இல் வெளியான ஹாப்போ ஆய்வு அந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தது. ஒன்பது நாடுகள், 15 மையங்கள், இருபத்தையாயிரம் அளவிலான பெண்கள். கிடைத்த விடை சங்கடமானது: தாயின் சீனி ஏற ஏறப் பிள்ளைக்கான ஆபத்தும் சீராக ஏறுகிறது, இதற்குக் கீழே பத்திரம், மேலே ஆபத்து என்று சொல்ல ஒரு கோடு இல்லை. கோடு இல்லாத இடத்தில் கோட்டை ஒரு குழு உட்கார்ந்து போட்டது. சராசரிச் சீனி அளவுள்ள பெண்ணைவிட ஆபத்து 1.75 மடங்காகும் இடம் எதுவோ அதுவே எல்லை என்று 2010இல் முடிவானது: வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 மில்லிகிராம் (ஒரு டெசிலீற்றருக்கு). மூன்றில் ஒன்று தொட்டாலும் கர்ப்பகால நீரிழிவுதான். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒன்பது நாடுகளில் இந்தியா இல்லை, இலங்கை இல்லை, பாகிஸ்தானும் பங்களாதேஷும் இல்லை. உலகத்திலேயே நீரிழிவு வெகுவாகப் பெருகிய மண்ணுக்கான எல்லை, அந்த மண்ணை ஒதுக்கிவிட்டுப் போடப்பட்டது.

கோட்டைத் தாழ்த்தினால் நோயாளிகள் கூடுவார்கள், பிள்ளைகளுக்கு அதனால் பலன் கூடுமா என்ற சந்தேகமும் தீரவில்லை. சிகிச்சை பலன் தரும் என்பதில் ஐயமில்லை: 2005இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆயிரம் பெண்களின் ஆய்வில், சிசுக்களுக்கு ஏற்பட்ட கடுமையான பாதிப்பு 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் எல்லையைத் தாழ்த்தி அதிகம் பேரைப் பிடிப்பதால் மட்டும் பருத்த பிள்ளைகள் குறையவில்லை என்று 2022இல் நியூஸிலாந்து ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் 2021இல் இரண்டு முறைகளை ஒப்பிட்டபோது, ஒரு முறையில் நோயாளிகள் இரட்டித்தார்கள்; தாய்க்கும் சேய்க்கும் கிடைத்த முடிவுகள் மாறவில்லை. எண் சண்டையை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

நமக்கு நெருக்கமான பாடம் பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்தது. சென்னை மருத்துவர் வீ. சேஷையா, பத்மஸ்ரீ பெற்றவர், நடைமுறையிலிருந்து பார்த்தார். வெறும் வயிற்றோடு வா என்றால் கிராமத்துப் பெண் வரமாட்டாள். வந்தாலும் சாப்பிட்டுவிட்டு வருவாள். திருப்பி அனுப்பினால் மறுபடி வரமாட்டாள். ஆகவே சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, வந்த நேரத்திலேயே 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணித்தியாலத்தில் ஒரே ஒரு தடவை இரத்தம், 140 தொட்டால் நோய் என்றார். 2007இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதனை என்று ஆணை போட்டது. 2014இல் இந்திய அரசின் வழிகாட்டியும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. சேஷையா குழுவினர் 2008இல் வெளியிட்ட கணக்கில் தமிழ்நாட்டு நகரங்களில் 17.8, சிற்றூர்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு நோய் இருந்தது. கிராமம் என்றால் தப்பிவிடும் என்ற நினைப்புக்கு அந்த மூன்றாவது எண் பதில்.

எதிர்ப்பும் சென்னையிலிருந்தே வந்தது. மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2014இல் ஆயிரத்துச் சொச்சம் பெண்களுக்குச் சாப்பிட்ட நிலையிலும் வெறும் வயிற்றிலும் இரண்டு விதமாகவும் பார்த்தார்கள். வெறும் வயிற்றுப் பரிசோதனையில் நோய் என்று தெரிந்தவர்களில் சாப்பிட்ட நிலைப் பரிசோதனை பிடித்தது ஏறத்தாழ நான்கில் ஒருவரை. அதாவது, வசதியான முறை முக்கால்வாசிப் பேரைத் தவறவிடுகிறது. சேஷையா தரப்பு இதை ஏற்கவில்லை. வாதம் இன்னும் ஓயவில்லை. என் பார்வையில் இரு தரப்பும் சொல்வது வெவ்வேறு கேள்விகளுக்கான பதில். எது சிறந்த பரிசோதனை என்பது மோகனின் கேள்வி. எது நடக்கும் பரிசோதனை என்பது சேஷையாவின் கேள்வி.

இலங்கையின் நிலைமை தமிழ்நாட்டைப் போன்றதல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை இன்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குடும்பநல மாதுவைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. அநேகமாக எல்லாக் கர்ப்பிணிகளும் அவரிடம் பதிவாகிறார்கள். ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். பதியும்போது ஒரு தடவை, 24-28 வாரத்தில் மறுபடி ஒரு தடவை சீனி பார்க்கவேண்டும் என்பது வழக்கம். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் முறை எல்லா இடத்துக்கும் எட்டாததால், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் பார்க்கும் முறை நெடுங்காலம் முன்வாசலாக இருந்தது. அதில் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எவரும் அளப்பதில்லை. ஒருத்தி இரண்டு இடியப்பமும் சொதியும், இன்னொருத்தி தேங்காய்ப்பூ போட்ட பிட்டு ஒரு கோப்பை நிறைய, வேறொருத்தி குமட்டலால் பிஸ்கட் ஒன்று மட்டும். மூவருக்கும் ஒரே எல்லை. பிஸ்கட் தின்றவள் தேறிவிடுவாள்.

அயல் மாவட்டமான அநுராதபுரத்தில் ரஜரட்டப் பல்கலைக்கழகம் 2019இல் தொடங்கிய கர்ப்பிணிகள் தொடராய்வில், ஆயிரக்கணக்கான பெண்களை முதல் மூன்று மாதத்திலேயே சேர்த்து, குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பரிசோதித்தார்கள். நாட்டுப்புற மாவட்டம் ஒன்றில், குடும்பநல மாதுகளை வைத்துக்கொண்டே, இது முடியும் என்று காட்டியதுதான் அதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. முந்திப் பார்ப்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2005-06 காலத்து நாடளாவிய கணக்கில் இலங்கை வயதுவந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. 2018-19 ஆய்வில் அது 23 சதவீதம். அளந்த முறைகள் வேறு வேறு என்றாலும் போகும் திசை தெரிகிறது. கருத்தரிக்கும் முன்பே சீனியோடு இருக்கும் பெண்கள் கூடிவருகிறார்கள். அவர்களுக்கு 24ஆம் வாரம் பிந்திய வாரம். 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இருபது வாரத்துக்கு முன் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் சிசுவின் பாதிப்புகள் 30.5 சதவீதத்திலிருந்து 24.9 சதவீதமாக இறங்குவதாகக் கண்டது. பெரிய இறக்கமல்ல, இறக்கம்தான்.

இனி, யாரும் அதிகம் பேசாத பகுதி.

குழாயில் எடுத்த இரத்தம் உயிருள்ளது. அதிலுள்ள செவ்வணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அவற்றைப் பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சீனி குறையும். வெக்கையில் இன்னும் வேகமாக. சாம்பல் மூடிக் குழாயில் இருக்கும் ஃபுளோரைட் இதை நிறுத்தும் என்று பலரும் நம்புகிறார்கள். அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணித்தியாலமாகும். இழப்பின் பெரும்பங்கு அதற்குள் நடந்துவிடும். இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு பெண்ணின் வெறும் வயிற்றுச் சீனி 94. எல்லை 92. அவளுக்கு நோய் இருக்கிறது. இரத்தம் எடுத்து, மற்ற இரண்டு குழாய்களும் சேரும்வரை மேசையில் வைத்து, கிளினிக் முடிந்து ஒருவர் புத்தளத்துக்குக் கொண்டுபோவதற்குள் இரண்டு மணித்தியாலம். 94 இப்போது 83. அறிக்கையில் 'இயல்பு' என்று வரும். எந்த நாட்டு நிபுணர் போட்ட எந்தக் கோடும் அவளைப் பிடிக்காது.

இது வெறும் கணக்கு அல்ல. டப்ளின் ஆஸ்பத்திரி ஒன்றில் 155 பெண்களிடம் ஒரே நேரத்தில் இரண்டு விதமாக இரத்தம் எடுத்தார்கள். ஒன்றைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிரித்தார்கள்; மற்றதை வழக்கம்போல விட்டார்கள். உடனே பிரித்த இரத்தத்தில் 38.1 சதவீதத்தினருக்கு நோய். வழக்கமான முறையில் 14.2 சதவீதம். 2016இல் வெளியானது. குளிர்தேசத்தில், ஆய்வுகூடமுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடந்த வித்தியாசம் இது. ஹாப்போவும் இரத்தத்தைப் பனிக்கட்டியில்தான் வைத்தது. அதன் எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு பனிக்கட்டியை விட்டுவிட்டால், அளவுகோலின் ஒரு பாதியைத்தான் எடுத்திருக்கிறோம்.

குளுக்கோமீற்றர் இருக்கிறதே என்று கேட்கலாம். விரல்நுனியில் குத்தி அங்கேயே பார்த்தால் பயணமே இல்லை. நன்மைதான், ஆனால் சர்வதேசத் தரமே ஏறத்தாழ 15 சதவீதம் கூடக்குறைய இருக்க அனுமதிக்கிறது. 92ஐயும் 89ஐயும் பிரித்தறிய அந்தக் கருவி செய்யப்படவில்லை. இரத்தச்சோகை உள்ளவர்களுக்குப் பல மீற்றர்கள் கூட்டிக் காட்டும்; கர்ப்பிணிகளில் சோகை சாதாரணம். குளுக்கோஸ் குடித்தபின் விரல்நுனி இரத்தத்தின் சீனி, நாளத்து இரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதல். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம், ஆனால் கர்ப்பத்தில் செவ்வணுக்களின் ஆயுள் குறைவதாலும் சோகையாலும் அது நம்பகமில்லை. இந்தக் கரை அடங்கும் வடமேல் மாகாணத்தில், செவ்வணுக்களைப் பாதிக்கும் பரம்பரை நோயான தலசீமியாவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அதற்கான தேசிய மையமே குருநாகலில்தான்.

பெண்ணின் பக்கம் வருவோம். "ராத்திரி பத்துக்குப் பிறகு தண்ணி தவிர ஒண்ணும் வேணாம் தங்கச்சி" என்று மிஸ், அதாவது குடும்பநல மாது, சொல்லி அனுப்பியிருப்பார். காலையில் கேட்டால், "ஒண்ணும் சாப்பிடல மிஸ், பிளேன்டி மட்டும்தான்." இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டி. அவளுடைய கணக்கில் தேத்தண்ணீர் சாப்பாடு இல்லை. அதில் தப்பும் இல்லை, பிளேன்டியும் கூடாது என்று யாரும் பெயர் சொல்லிச் சொல்லவில்லை. நோன்பு மாதத்தில் இன்னொரு சிக்கல். மார்க்கம் கர்ப்பிணிக்குச் சலுகை தந்தாலும் நோன்பு பிடிப்பவர்கள் பிடிக்கிறார்கள். விடியுமுன் ஸஹர் சாப்பிட்டவளுக்குக் காலை ஒன்பது மணிக்கு எட்டு மணித்தியாலம் ஆகாது. குளுக்கோஸ் குடித்தால் நோன்பு முறியும். நாட்காட்டியைப் பார்த்து ரமழானுக்கு முன்போ பின்போ நாள் குறிப்பது ஒரு நிமிட வேலை. குளுக்கோஸைச் சத்தியெடுப்பதும் உண்டு. அரை மணித்தியாலத்துக்குள் எடுத்தால் வேறொரு நாள் மறுபடி செய்யவேண்டும், அதன் பிறகென்றால் தொடரலாம் என்பது இந்திய வழிகாட்டியின் ஏற்பாடு. இங்கும் அப்படி ஒரு தெளிவான சொல் மேசையில் ஒட்டியிருந்தால் நல்லது.

ஆகவே இந்தக் கரைக்கு நான் சொல்வது இவ்வளவு. குளுக்கோஸ் பரிசோதனையைப் புத்தளத்துக்கு அனுப்பாமல் ஊர்க் கிளினிக்கிலேயே செய்யவேண்டும். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சிறு இயந்திரம் ஒன்றை அங்கே வைத்து, எடுத்த அரை மணித்தியாலத்துக்குள் பிரித்து அனுப்பினால் போதும். பிரித்த பிளாஸ்மா பஸ் பயணத்தைத் தாங்கும். மின்சாரமில்லாத நாளில் பனிக்கட்டிப் பெட்டி. மீன்பிடிக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தவளைத் திருப்பி அனுப்பக்கூடாது. சேஷையா முறையில் அன்றைக்கே பார்க்கவேண்டும். 140 தாண்டினால் சிகிச்சையைத் தொடங்கலாம். தாண்டாவிட்டால் அதை இறுதி விடையாக எடுக்காமல், அடுத்த கிளினிக்கில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லவேண்டும். மோகன் காட்டிய ஓட்டையை அடைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நோய் என்று தெரிந்தபின் செய்வது அவ்வளவு கடினமில்லை. பத்தில் ஏழு எட்டுப் பேருக்குச் சாப்பாட்டுத் திருத்தமே போதும்: சோற்றைக் குறைத்து மீனையும் இலைக்கறியையும் கூட்டுவது, தேத்தண்ணீரில் சீனியை விடுவது, சாப்பிட்டபின் நடப்பது. மீதிப் பேருக்கு மெட்போர்மின் அல்லது இன்சுலின். மீன் மலிவாகக் கிடைக்கும் இந்தக் கரைக்கு அந்தச் சாப்பாடு புதிதல்ல. ஆனால் நல்ல மீன் சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குச் சோறும் சம்பலும் மிஞ்சும் நாட்களும் உண்டு என்பதை உணவு அட்டவணை எழுதுபவர் மறக்கக்கூடாது.

கடைசியாக, சங்கிலி அறுகிற இடம். பிரசவமானதும் சீனி இறங்கிவிடும். 'போயிட்டுது' என்று எல்லோரும் மறந்துவிடுவார்கள். கர்ப்பத்தில் சீனி இருந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, இல்லாதவளைவிட ஏழு மடங்கு என்றது 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு. 2020இல் வந்தது பத்து மடங்கை நெருங்கியது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் நகர ஆஸ்பத்திரிகள் 19இல் 1,600 தாய்மாரில் ஒரு பகுதியினருக்கு வாழ்க்கைமுறைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குள்ளேயே நான்கில் ஒருத்தியின் சீனி நிலை மோசமாகியிருந்தது. பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பாலும் தூக்கமின்மையுமாக இருக்கும் தாயிடம் உடற்பயிற்சி வகுப்பு எடுபடவில்லை. தடுக்க முடியாவிட்டாலும், வந்ததைக் காலத்தோடு கண்டுபிடிக்கலாம். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தடவை குளுக்கோஸ் பரிசோதனை, பிறகு ஒழுங்காக அவ்வப்போது. தனக்கென்று ஒரு நாள் ஒதுக்கி எந்தத் தாயும் வரமாட்டாள். பிள்ளையின் ஊசிக்கு வருவாள்.

இலங்கையில் பிள்ளைக்கு இரண்டாம் மாதம் முடிந்ததும் தடுப்பூசி. அந்த நாள் இந்தப் பரிசோதனைக்கான காலத்துக்குள் விழுகிறது. கிளினிக்கும் அதுவே, மிஸ்ஸும் அவரே. ஆகவே இதை வாசிக்கும் தாய்மாருக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கிளினிக் கொப்பியில் கர்ப்பத்தில் சீனி இருந்ததாக எழுதியிருந்தால், பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி போடப் போகும் காலையில் பிளேன்டியும் குடிக்காமல் போங்கள். பிள்ளைக்கு ஊசி போட்டு முடிந்ததும் கொப்பியைக் காட்டி, எனக்கும் சீனி பார்க்கவேண்டும் என்று கேளுங்கள்.